ட்யூபிங்கன்: ஒரு நாளில் நடந்தே பார்க்க ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரமான ட்யூபிங்கனுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். சந்தைச் சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்தான் காலைச் சந்தை கூடும். பகல் ஒரு மணிக்கெல்லாம் கடை கட்டிவிடுவார்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. கவிஞர் ஹோல்டர்லின் வாழ்ந்த கோபுரத்துக்குச் செவ்வாயும் புதனும் விடுமுறை. மூன்றும் சேர்ந்து கிடைப்பது வெள்ளி மட்டுமே. அது தோதுப்படாவிட்டால் அடுத்த தேர்வு வியாழன். சந்தை இருக்காது, ஆனால் அன்று கோட்டை அருங்காட்சியகம் மாலை ஏழு வரை திறந்திருக்கும். ஞாயிறன்று அருங்காட்சியகங்கள் இரண்டும் உண்டு, கடைகள் எல்லாம் மூடியிருக்கும். செவ்வாயன்று போனால் தெருக்களைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும். நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முன் ஒருமுறை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தென்மேற்கு ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. 'தாடிக்கார எபர்ஹார்ட்' என்று அழைக்கப்பட்ட வூர்ட்டம்பெர்க் சிற்றரசர் 1477இல் இங்கே பல்கலைக்கழகத்தை நிறுவினார். ஊரின் மக்கள்தொகை தொண்ணூறாயிரம் சொச்சம், அதில் மாணவர்கள் மட்டும் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். இரண்டாம் உலகப் போரில் பழைய நகரம் பெரும்பாலும் தப்பித்தது. 1945 ஏப்ரல் 19 அன்று பிரெஞ்சுப் படை சண்டையின்றி உள்ளே வந்தது. அதனால்தான் இங்கே நீங்கள் பார்க்கும் மரச்சட்ட வீடுகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் மாதிரிக்குக் கட்டியவையாக இல்லாமல், பழைய வீடுகளாகவே நிற்கின்றன.

பெரிய பேராலயம், அரண்மனை என்று மலைக்கவைக்கும் ஒரே ஒரு சின்னம் இங்கே கிடையாது. இங்குள்ள முக்கியமான இடங்கள் எல்லாமே யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்த, எழுதிய, சோதனை செய்த அறைகள்தாம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடமாகத் தெரியும். எந்த அறையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போனால்தான் இந்த ஊர் பிடிபடும்.

போய்ச் சேர்வது

ஷ்டுட்கார்ட் மத்திய நிலையத்திலிருந்து நேரடி ரயில்கள் உண்டு. விரைவு வட்டார ரயில் முக்கால் மணி நேரம் எடுக்கும், எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயில் ஒரு மணி நேரம். ஷ்டுட்கார்ட் விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்தும் ஓடுகிறது. மாதாந்திர 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' வைத்திருப்பவர்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு 'பாடன்-வூர்ட்டம்பெர்க் டிக்கெட்' எனும் ஒருநாள் சீட்டு மலிவு. அதில் ஒரு சிக்கல் உண்டு: வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் அது செல்லும். எட்டரை ரயிலில் ஏறிவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டுகிறவர்கள் உண்டு. ஒன்பது மணிக்குப் பிறகு ஏறினாலும் பத்து, பத்தேகாலுக்கு ஊருக்குள் இருக்கலாம், சந்தைக்கு நேரம் தாராளம்.

நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் பத்து நிமிட நடை, பேருந்து தேவையில்லை. பாலத்தின் அருகிலேயே சுற்றுலாத் தகவல் நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டு காரியத்தை முடித்துவிடுங்கள்: நகர வரைபடம் ஒன்று வாங்குவது, பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சிறையைப் பார்க்க அன்றைக்கு வழிகாட்டியோடு நுழைவு உண்டா என்று கேட்பது. அந்தச் சிறையைத் தனியாகப் போய்ப் பார்க்க முடியாது.

காலணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பழைய நகரம் முழுக்கக் கருங்கல் பாவிய சரிவு. மழை பெய்தால் கல் வழுக்கும். மென்மையான அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டால் கோட்டைச் சரிவில் இறங்கும்போது முழங்கால் நோகும். சிறு சக்கரம் வைத்த குழந்தை வண்டி கல் இடுக்கில் சிக்கிக்கொண்டே இருக்கும், பெரிய சக்கர வண்டியோ தூளியோ நல்லது. பெட்டியை நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாலத்திலிருந்து மேலே

ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டால் வழி தவறாது. ரயில் நிலையம் ஆற்றுக்குத் தெற்கே, பழைய நகரம் வடக்கே. ஆற்றங்கரையிலிருந்து தேவாலயத்துக்கு ஓர் ஏற்றம், அங்கிருந்து கோட்டைக்கு இன்னோர் ஏற்றம். ஏற்றங்களைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிற்பகலில் ஆற்றை நோக்கி இறங்கி வருவதுதான் சரியான முறை. முதலில் ஆற்றங்கரையில் உலாவிவிட்டு மூன்று மணிக்குக் கோட்டை ஏறுகிறவர்கள், அருங்காட்சியகத்துக்குள் போகும்போது களைத்துப்போயிருப்பார்கள். அது ஐந்து மணிக்கு மூடிவிடும்.

பாலத்தைத் தாண்டியதும் நெக்கார்காஸெ என்ற தெரு ஏறும். ஏறி முடிக்கும் இடம் ஹோல்ட்ஸ்மார்க்ட் சதுக்கம். எதிரே நிற்பது புனித ஜார்ஜ் பேரில் கட்டிய ஷ்டிஃப்ட் தேவாலயம், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோத்திக் கட்டடம். உள்ளே போவதற்கு முன் வெளியே வடக்குப் பக்கத்து ஜன்னல்களைப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளியே கல் சட்டத்திலேயே உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் புனித ஜார்ஜ் ஒரு சக்கரத்தில் பிணைக்கப்பட்டு வளைந்து கிடக்கிறார். வழக்கமாக அவரைக் குதிரைமேல் ஈட்டியோடுதான் காட்டுவார்கள். இங்கே அவரது வதையைக் காட்டியிருக்கிறார்கள். தலையை உயர்த்தாமல் நடப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

உள்ளே பீடப் பகுதி தடுப்புச் சுவருக்கு அப்பால் தனியாக இருக்கிறது. வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்தின் கல்லறைகள் அங்கேதான். எபர்ஹார்டின் கல்லறையும் உண்டு. மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடிகள் 1470களைச் சேர்ந்தவை, பேட்டர் ஹெம்மல் என்பவரின் பட்டறையில் செய்தவை. காலை வெயிலில் அவற்றின் நிறம் நன்றாக எடுபடும், அதனாலும் இங்கே முதலில் வருவது நல்லது. பீடப் பகுதிக்கும் கோபுரத்துக்கும் சிறு கட்டணம் உண்டு; கோபுரம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். கோபுரத்தின் படிகள் குறுகலானவை, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. கோட்டைக்கும் போகப்போகிறீர்கள் என்றால் கோபுரத்தை விட்டுவிடலாம்.

அதே சதுக்கத்தில் ஹெக்கன்ஹவர் பழைய புத்தகக் கடை. எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸெ 1895 முதல் 1899 வரை இந்தக் கடையில்தான் பயிற்சியாளராகவும் உதவியாளராகவும் வேலை பார்த்தார். அவர் வேலை செய்த இடத்தைச் சிறு காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் போதும்.

தேவாலயத்தை ஒட்டி மேற்கே போகும் தெரு மியுன்ட்ஸ்காஸெ. பல்கலைக்கழகத்தின் பழைய பேரவைக் கட்டடம் இதில்தான் இருக்கிறது. பதிப்பாளர் கோட்டாவின் வீட்டில் 1797 செப்டம்பரில் கவிஞர் கெத்தே தங்கியதற்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பக்கத்து மாணவர் விடுதிக்காரர்கள் 'கெத்தே இங்கேதான் வாந்தி எடுத்தார்' என்று தங்கள் பங்குக்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். மாணவர் சிறையும் இதே தெருவில்தான், 20ஆம் எண் கட்டடம். 1515 முதல் 1845 வரை பயன்பட்டது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தனி நீதி அதிகாரம் இருந்தது. குடித்துவிட்டுத் தகராறு செய்த மாணவனை நகரக் காவலர் தண்டிக்க முடியாது, பல்கலைக்கழகமே அடைத்துவைக்கும். வழிகாட்டியோடு நுழைவு கிடைத்தால் விடாதீர்கள்.

தெருவின் மேற்கு முனையிலிருந்து இரண்டே நிமிடத்தில் சந்தைச் சதுக்கம். நகர மன்றம் 1435இல் கட்டியது. முகப்பு ஓவியங்கள் அந்தக் காலத்தவை என்று நினைத்துவிட வேண்டாம், பல்கலைக்கழகத்தின் 400ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 1877இல் வரையப்பட்டவை. மேலே இருக்கும் வானியல் கடிகாரம் உண்மையிலேயே பழையது. கணித, வானியல் பேராசிரியர் யொஹான்னஸ் ஷ்டோஃப்ளர் 1511இல் வடிவமைத்தது. முன்னால் நிற்கும் நெப்டியூன் நீரூற்று 1617இல் அமைந்தது. இப்போதுள்ள சிலை போருக்குப் பின் வார்த்த நகல்.

மதியத்துக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று இந்தச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். கடையில் உணவு பொட்டலம் கட்டி வாங்கினால் ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளைக்கும் பெட்டிக்கும் இந்த நகராட்சி 2022 முதல் வரி விதிக்கிறது: ஒரு பொருளுக்கு 50 சென்ட், கரண்டிக்கு 20 சென்ட். காபியின் விலை பலகையில் போட்டதைவிடக் கூடுதலாக இருந்தால் காரணம் இதுதான். சொந்தக் குவளை கொண்டுபோனால் அதில் ஊற்றித் தருவார்கள்.

சதுக்கத்துக்கு வடக்கே இறங்கினால் கீழ் நகரம், திராட்சைத் தோட்டக்காரர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே யூதர் தெரு என்ற பெயரில் ஒரு சந்து இருக்கிறது. பல்கலைக்கழகம் தொடங்கிய அதே 1477இல், அதற்கு உரிமை வழங்கிய அரசாணையிலேயே, ஊரில் யூதர் யாரும் இருக்கக் கூடாது என்று எபர்ஹார்ட் உத்தரவிட்டார். அவர் பெயரும் படமும் ஊர் முழுக்க இருக்கின்றன. இந்தச் சந்திலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது நியாயம். பிற்காலத்தில் கார்ட்டன்ஷ்ட்ராஸெயில் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் 1938 நவம்பரில் எரிக்கப்பட்டது, அந்த இடத்தில் இப்போது நினைவுச்சின்னம் இருக்கிறது.

கோட்டை: இங்கே இரண்டரை மணி நேரம் கொடுங்கள்

சந்தைச் சதுக்கத்திலிருந்து புர்க்ஷ்டைகெ என்ற செங்குத்துத் தெரு நேரே கோட்டைக்கு ஏறும். தூரம் குறைவு, ஏற்றம்தான் கடுமை. உச்சியில் வெற்றி வளைவு போன்ற கீழ்வாயில், 1606-07இல் கட்டியது. வாயிலுக்குமேல் வூர்ட்டம்பெர்க் சின்னத்தைச் சுற்றி இங்கிலாந்தின் கார்ட்டர் விருதுக்குரிய பிரெஞ்சு வாசகம் செதுக்கியிருக்கும். முற்றத்துக்குள் போகக் கட்டணமில்லை, அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் சீட்டு.

இந்த ஊரில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும் என்றால் அது இங்கே இருக்கும் தந்தக் குதிரை. அழிந்துபோன மாமூத் யானையின் தந்தத்தில் செதுக்கியது, வயது சுமார் 40,000 ஆண்டு, நீளம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஸ்வாபிய மலைப்பகுதியின் ஃபோகல்ஹெர்ட் குகையில் 1931இல் இப்பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில் கிடைத்தது. மனிதன் செய்த உருவச் சிற்பங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று. கால்கள் ஒடிந்துவிட்டன, கழுத்து வளைவு அப்படியே இருக்கிறது. கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தாடையிலிருந்து கழுத்து வழியாக முதுகுக்குப் போகும் ஒரே கோடு அப்போதுதான் கண்ணில் படும். இருட்டறை என்பதால் உள்ளே நுழைந்ததும் எதுவும் தெரியாது. கண் பழக ஓரிரு நிமிடம் விடுங்கள், அவசரப்பட்டால் ஏதோ சின்னப் பொம்மை என்று கடந்துவிடுவீர்கள். இந்தக் குகைகள் 2017இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

அதே சீட்டில் கிரேக்க, ரோமானியச் சிலைகளின் சுண்ண வார்ப்புகள், கிஸாவிலிருந்து கொண்டுவந்த எகிப்தியக் கல்லறை அறை ஒன்று எல்லாம் பார்க்கலாம். எகிப்திய அறையின் சுவரில் காணிக்கை சுமந்து வருபவர்களின் புடைப்புச் சிற்பங்களைப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வார்ப்புகளை வேகமாகப் பார்த்துவிட்டு நகரலாம்.

அடுத்து கோட்டையின் பழைய சமையல்கூடம். 19ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகம் இதை வேதியியல் ஆய்வகமாக மாற்றிக்கொண்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் மீஷர் 1869இல் இங்கேதான் வேலை செய்தார். அறுவை மருத்துவமனையிலிருந்து வந்த, சீழ் படிந்த கட்டுத்துணிகளை அலசி வெள்ளணுக்களைப் பிரித்தார். அவற்றின் உட்கருவிலிருந்து புரதம் அல்லாத, பாஸ்பரஸ் கலந்த ஒரு பொருளை எடுத்தார். 'நியூக்ளின்' என்று பெயரிட்டார். இன்று நாம் டிஎன்ஏ என்று சொல்வது அதைத்தான். சமையல்கூடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உள்ளே நின்றால் புரியும்: தடித்த சுவர், குளிர்ந்த அறை. உயிர்ப்பொருள் கெடாமல் இருக்கக் குளிர் வேண்டும், குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம் அது. சிறிய காட்சியகம்தான், ஆனால் உயிரியல் படித்த யாரும் இதைத் தவறவிடக் கூடாது.

கோட்டை நிலவறையில் 16ஆம் நூற்றாண்டின் பிரம்மாண்டமான மது பீப்பாய் ஒன்று இருக்கிறது. வௌவால்கள் தங்குவதால் அங்கே பொதுமக்களை விடுவதில்லை. முற்றத்தின் பின்பக்கம் இருட்டான சுரங்க வழியாகப் போனால் ஷென்ஸ்லெ என்ற திறந்த மேடு வரும். வாங்கி வந்த ரொட்டியைச் சாப்பிட அருமையான இடம்.

கீழே இறங்குகையில்

கோட்டையிலிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்கினால் ஷ்டிஃப்ட் என்ற சமயக் கல்லூரி. முன்பு அகஸ்தீனிய மடமாக இருந்து 1547 முதல் சீர்திருத்தச் சபை மாணவர்களின் உறைவிடமானது. வானியலாளர் கெப்ளர் 1589இல் இங்கே சேர்ந்தார். இருநூறு ஆண்டுக்குப் பிறகு தத்துவ அறிஞர்கள் ஹெகல், ஷெல்லிங், கவிஞர் ஹோல்டர்லின் மூவரும் ஒரே காலத்தில் இங்கே தங்கிப் படித்தார்கள். இப்போதும் மாணவர்கள் வசிக்கும் கட்டடம் இது. முற்றம் வரை போகலாம், மாடிப் படிகளில் ஏறாதீர்கள்.

நமக்கு இன்னொரு பெயரும் இங்கே முக்கியம். மறைப்பணியாளர் ஹெர்மன் குண்டர்ட் 1830களில் இங்கே படித்தவர். 1836இல் சென்னையில் வந்து இறங்கித் தமிழ் கற்றார், திருநெல்வேலியில் பணிபுரிந்தார், பிறகு தலச்சேரிக்குப் போய் மலையாள அகராதி படைத்தார். ஹோல்ட்ஸ்மார்க்ட்டில் புத்தகக் கடையில் வேலை பார்த்த ஹெஸ்ஸெ இவருடைய மகள் வயிற்றுப் பேரன். குண்டர்ட் சேர்த்த ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் இங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நூலகம் வரை போவதைவிட வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்ப்பதே வசதி.

ஷ்டிஃப்டிலிருந்து கிழக்கே போகும் சந்தில் புர்ஸெ என்ற பெரிய கட்டடம் வரும். பல்கலைக்கழகத்தின் தொடக்க காலத்தில் மாணவர் விடுதி, 1805 முதல் மருத்துவமனை, இன்று தத்துவத் துறை. மனநிலை குலைந்த ஹோல்டர்லினை 1806இல் இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு, இனி தேறமாட்டார் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். ஏர்ன்ஸ்ட் ஸிம்மர் என்ற தச்சர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். ஒரு சில அடி தூரத்தில் ஆற்றை ஒட்டி நிற்கும் மஞ்சள் கோபுரம்தான் அந்த வீடு. 1807 முதல் 1843இல் இறக்கும்வரை, 36 ஆண்டுகள், அவர் அங்கேயே இருந்தார். மருத்துவமனையையும் கோபுரத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்த வாழ்க்கையின் பாரம் உறைக்கும், ஆகவே புர்ஸெயைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். கோபுரம் 1875இல் தீப்பிடித்த பிறகு மீண்டும் எழுப்பியது. நுழைவு இலவசம். அறை ஜன்னலிலிருந்து தெரியும் நெக்கார் ஆறு அவர் நாள்தோறும் பார்த்தது.

படகும் படமும்

கோபுரத்தடியில் ஷ்டோஹர்கான் படகுகள் நிற்கும். தட்டையான அடிப்பாகம், பன்னிரண்டு மீட்டர் அளவு நீளம். பின்முனையில் நிற்பவர் ஏழு மீட்டர் கழியை ஆற்றுப் படுகையில் ஊன்றித் தள்ளுவார். ஆற்றின் நடுவில் இருக்கும் தீவைச் சுற்றி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர்காலத் தொடக்கம்வரைதான் ஓடும். கட்டணத்தைச் சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். படகின் நடுவில் கால் வைத்து ஏறுங்கள், விளிம்பில் மிதித்தால் ஆடும். கழியிலிருந்து நீர் சொட்டும் என்பதால் பின்வரிசையில் கேமராவோடு உட்காராதீர்கள். படகை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கழி சேற்றில் சிக்கிக்கொண்டால் உடனே கையை விட்டுவிடுங்கள். படகு முன்னே நகர, கழியைப் பிடித்தபடி நிற்பவர்தான் ஆற்றில் விழுவார். படகில் ஒரு கைத்துடுப்பு இருக்கும், அதை வைத்துத் திரும்பி வந்து கழியை எடுத்துக்கொள்ளலாம்.

ஈஸ்டருக்குப் பின் 60ஆம் நாள் வரும் ஃப்ரோன்லைஷ்னாம் வியாழனன்று மாணவர் படகுப் போட்டி நடக்கும். கடைசியாக வரும் அணி ஆளுக்கு அரை லிட்டர் மீன் எண்ணெய் குடிக்க வேண்டும். கூட்டம் பாலம் முழுக்க நிற்கும். போட்டியைப் பார்க்க ஆசை என்றால் அன்றைக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள். ஊரைப் பார்க்க ஆசை என்றால் அந்த நாளைத் தவிருங்கள்.

எல்லா அஞ்சலட்டைகளிலும் வரும் ஆற்றங்கரை வீட்டு வரிசை தெற்குப் பார்த்தது. தீவிலிருந்து எடுத்தால் பகல் முழுக்க வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், எப்போது எடுத்தாலும் பழுதில்லை. பாலத்தின் நடுவிலிருந்து படிகளில் இறங்கினால் தீவில் பிளாட்டான் மரச் சாலை. கோடையில் இலை அடர்ந்து காட்சியை மறைக்கும். மரங்களுக்கு இடையே ஆற்றோரச் சுவர் அருகில் இடைவெளி தேடுங்கள். கோபுரம் நேரே தெரியும் இடத்தில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள், அதுவே அடையாளம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

கேஸ்ஷ்பெட்ஸ்லெ, அதாவது முட்டை மாவுத் துணுக்குகளில் பாலாடைக்கட்டி கலந்து வறுத்த வெங்காயம் தூவியது, எல்லா உணவகத்திலும் கிடைக்கும். மவுல்டாஷன் கொழுக்கட்டைக்குள் வழக்கமாக இறைச்சி இருக்கும், காய்கறி வகை உண்டா என்று கேளுங்கள். பருப்போடு ஷ்பெட்ஸ்லெ என்று பட்டியலில் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம், தொத்திறைச்சியோடுதான் வரும், பருப்பிலும் பன்றிக்கொழுப்பு சேர்த்திருப்பார்கள். ஸ்வாபிய உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சி வடிநீர் ஊற்றுவது வழக்கம். ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான். வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் எல்லா ரொட்டிக் கடையிலும் கிடைக்கும்.

இன்னொரு அரை நாள் கிடைத்தால் வடக்கே பேருந்தில் கால் மணி நேரத்தில் பெபன்ஹவுஸன் மடத்துக்குப் போகலாம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சிஸ்டர்சிய மடம். வூர்ட்டம்பெர்க்கின் கடைசி அரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி துறந்தபின் 1921இல் இறக்கும்வரை இங்கேதான் வாழ்ந்தார். மடத்தை நீங்களாகவே சுற்றிப் பார்க்கலாம், அரண்மனைப் பகுதிக்கு மட்டும் வழிகாட்டி வேண்டும். போய் இறங்கியதும் திரும்பும் பேருந்தின் நேரத்தை நிறுத்தத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள், மாலையிலும் ஞாயிறிலும் வண்டிகள் குறைவு.